அம்மாவுக்காகத் தூங்கியவள்

வியன்னா, 1 மார்ச் 1987

அக்கா பிராந்துஷாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பேருந்து ஏறியதற்கு ஊரெல்லாம் என்னைத் திட்டியிருப்பாய். திட்டிக்கொள். அம்மாவின் நாற்பதாம் நாள் படையலில், அறுபது பேர் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருக்கும்போது, "பொதைச்சு முடிச்சப்பறம் வந்த மகனுக்கு மொதத் தட்டு எதுக்கு?" என்று கேட்டாயே, அதை நான் மறக்கப்போவதில்லை. நீ கேட்டதில் பொய் இல்லை. அதனால்தான் வாயைத் திறக்காமல் வந்தேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் கையாலேயே எழுதிவிடுகிறேன். அம்மாவுக்குத் தூக்க மாத்திரை தீர்ந்துவிட்டது என்று டிசம்பர் கடைசியிலேயே சொல்லி அனுப்பினாய். ஹோட்டலில் பண்டிகைக் கூட்டம், கழுவக் கழுவப் பாத்திரம் குவிந்துகொண்டே இருந்தது, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். பிறகு பனி கொட்டியது, பேருந்து ஓடவில்லை. சாவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா தபால் நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, "தூக்கமே வரலடா" என்றாள். நான் அனுப்பிய பெட்டி அவளைப் புதைத்த அன்று வந்தது. மூன்று வருடம் தவறாமல் அனுப்பிவிட்டு, கடைசிப் பதினைந்து நாள் அவளைத் தூங்கவிடாமல் சாகவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அம்மாவின் கட்டில், தலையணை, காபிக் குவளை எல்லாவற்றையும் அவள் ஆத்மாவுக்காகப் பெர்சா சித்திக்குக் கொடுத்தோம். சித்தி அதில் படுத்தால் அம்மா மறு உலகத்தில் படுப்பாள், அதில் குடித்தால் அம்மா அங்கே குடிப்பாள். மாத்திரையை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்? இந்தப் பொட்டலத்தில் ஆறு மாதத்துக்கு இருக்கிறது. என் பெயரில் எழுதி வாங்கினேன். வருடப் படையல் வரைக்கும் தினம் சாயங்காலம் ஒன்று, அம்மாவுக்காகச் சித்தி போட்டுக்கொள்ளட்டும். கெடுதல் எதுவும் கிடையாது. ஒரு வாரமாக நானும் போட்டுப் பார்க்கிறேன், காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறேன்.

த்ரைலோ


நெகோதின், 22 மார்ச் 1987

த்ரைலோ,

பொட்டலம் வந்தது. கடிதமும் வந்தது. அக்காவின் உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்க உனக்குக் காகிதம் போதவில்லை போலிருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆளில்லாத உன் மாடி வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போய் ஜன்னல் திறந்துவைக்கிறேன். வாசலில் நீ வைத்த கல் சிங்கங்களில் இடது பக்கத்துச் சிங்கத்துக்குப் பனியில் மூக்குப் பெயர்ந்துவிட்டது. நான் உடைக்கவில்லை.

மாத்திரை விஷயத்தில் உன்னோடு சண்டை போடத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அந்தப் பதினைந்து நாளும் அம்மாவோடு இருந்தவள் நான். தூக்கம் வராமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பள்ளிக்கூடச் சமையல் வேலை முடிந்து செத்துப்போய் வருகிறவளுக்கு அந்தச் செருப்புச் சத்தம் எப்படி இருக்கும் சொல். "கொஞ்சம் சும்மா கெடயேம்மா" என்று கத்திவிட்டு என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆக, அவள் அங்கேயாவது தூங்கட்டும் என்று எனக்கும் இருக்கிறது.

சித்தியிடம் கொண்டுபோனபோது முதலில் சிரித்தாள். "எனக்குத்தான் தலையணைல தல வச்சா தூக்கம் வந்துருமேடி, இது எதுக்கு?" என்றாள்.

"ஒனக்கில்ல சித்தி. அம்மாவுக்கு."

சித்தி உடனே கையை நீட்டினாள். எழுபத்தாறு வயதில் தன் அக்காவுக்குச் செய்வதில் அவளுக்கு ஒரு பெருமைதான். அம்மாவின் குவளையில் தண்ணீர் எடுத்து, "ஸ்தானாவுக்குப் போய்ச் சேரட்டும்" என்று சொல்லி விழுங்கினாள். இனி தினமும் வேலை முடிந்து வரும் வழியில் நானே நின்று கொடுத்துவிட்டு வருகிறேன். உன் மனசாட்சிக்கும் சேர்த்து என் கால்தான் நடக்கவேண்டியிருக்கிறது.

பிராந்துஷா


வியன்னா, 7 ஜூன் 1987

அக்கா,

போன வாரம் அம்மா கனவில் வந்தாள். ஹோட்டல் அடுக்களையில் என் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைக்கிறாள். கண் சிவந்து கிடக்கிறது. போய்ப் படும்மா என்றால் தலையை ஆட்டுகிறாளே தவிர நகரவில்லை. எழுந்து உட்கார்ந்து அழுதுவிட்டேன், ஐம்பது வயதை நெருங்குகிறவன்.

செத்தவர்கள் கனவில் வந்து நின்றால் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். இதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு மாத்திரை அவளுக்குப் போதவில்லை. இனி இரண்டாகக் கொடு. இங்கே கம்பெனி டாக்டரம்மாவிடம் எனக்குத்தான் தூக்கம் கெட்டுவிட்டது என்று சொல்லிக் கூடுதலாக வாங்க வழி பார்க்கிறேன். இப்போதைக்கு இதில் மூன்று பெட்டி வைத்திருக்கிறேன்.

சித்தி கோயிலில் நின்றபடியே தூங்கிவிழுந்தாள் என்று பேருந்து ஓட்டுகிற ஆள் சொல்லிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதிரியார் பிரசங்கத்துக்கு யார்தான் தூங்கமாட்டார்கள்? வயதாகிறது, பாவம். ஆனாலும் அவள் இருக்கிறாளே என்று எனக்கு நிம்மதி. அவள் தூங்குகிறாள் என்றால் அம்மாவும் தூங்குகிறாள்.

த்ரைலோ


நெகோதின், 30 ஆகஸ்ட் 1987

த்ரைலோ,

உட்கார்ந்து படி.

நீ சொன்னபடி இரண்டாக்கினேன். ஜூலையில் சித்தி என்னை ஸ்தானா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அடுப்பில் சோளக்கூழை வைத்துவிட்டு அடிப்பிடித்துக் கருகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பேச்சு வாய்க்குள்ளேயே குழறுகிறது. நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். படுக்கையை நனைத்துவிட்டு, யாரோ தண்ணீர் கொட்டிவிட்டதாகச் சொன்னாள். வயதுதான், வேறென்ன என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அம்மாவுக்கும் இப்படித்தானே புத்தி மங்கியது, குடும்பத்தில் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி வாசல் படியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆணி வைத்திருக்கிறார்கள். அவள் புருஷன் வழி மருமகன் ஒருத்தன் இருக்கிறானே, அவன் ஓடிவந்து, தன்னால் பார்க்க முடியாது, முதியோர் இல்லத்துக்கு அனுப்பு என்று நின்றான். கையெழுத்துப் போடவேண்டியவள் நான். அவள் நாலு நாள் மூத்திரத் துணியை நானும் துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இல்லம். சுத்தமாகத்தான் இருக்கிறது. வண்டியில் ஏற்றும்போது, "வீட்டப் பூட்டிட்டியா ஸ்தானா?" என்று கேட்டாள். பூட்டிட்டேன் என்றேன்.

உன் வேண்டுதல் நிற்கவில்லை, பயப்படாதே. அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் பெட்டியைக் கொடுத்து, ஆத்மாவுக்கு வேண்டியது, சாயங்காலம் இரண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளும் நம்ம பக்கத்துப் பெண், விளக்கவேண்டியிருக்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இல்லத்தில் சேர்க்கும்போது டாக்டர், மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை தம்பி. சித்தி எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை என்றுதான் எனக்கு வாயில் வந்தது. அது அம்மா சாப்பிடுகிற மருந்து. பேருந்தில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

பிராந்துஷா


வியன்னா, 27 செப்டம்பர் 1987

அக்கா,

முதலில் இது: சித்திக்கு அந்த மாத்திரையைக் குறைக்கச் சொல். ஒரேயடியாக நிறுத்தக்கூடாதாம், அதுவும் ஆபத்தாம். இல்லத்து டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல். என் பெயரைச் சொல். பிறகு மிச்சத்தைப் படி.

டாக்டரம்மாவிடம் இரட்டிப்பாக எழுதித் தரச்சொல்லிப் போனேன். அவள் என் கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தாள், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள், நின்றேன். "இத்தன மாத்திர போட்டவன் இப்படி நிக்க முடியாது. யாருக்கு வாங்கறே?" என்றாள். அவள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள், காத்திருந்தாள். அம்மாவில் ஆரம்பித்துச் சித்தி வரைக்கும் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை, சித்திக்கு வயது எத்தனை என்று மட்டும் கேட்டாள்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். இந்த மாத்திரையை உடம்பிலிருந்து வெளியே தள்ளுகிற வேலை கல்லீரலுக்கு. வயது ஏற ஏறக் கல்லீரல் சின்னதாகிறது, அதற்குப் போகிற இரத்தமும் குறைகிறது. எல்லா மருந்துக்கும் இது ஒரே மாதிரி இல்லையாம், இந்த வகை மாத்திரையை உடைக்கத்தான் கிழட்டுக் கல்லீரல் ரொம்பத் திணறுமாம். தோராயமாக ஒருவருக்கு எத்தனை வயதோ அத்தனை மணி நேரம் ஆகுமாம், பாதி வெளியேற. பாதிதான் அக்கா. எனக்கு இரண்டு நாள் என்றால் சித்திக்கு மூன்று நாளுக்கும் மேல். அதற்குள் அடுத்தது, அதற்கு அடுத்தது. உடைந்து வருகிற துணுக்கும் சும்மா இருக்காதாம், அதுவும் மயக்குமாம். என் கழுவு தொட்டிபோல என்று அவளிடம் சொன்னேன்: வடிகால் அடைத்திருக்கிறது, நான் குழாயை மூடாமல் விட்டேன். அவ்வளவுதான் என்றாள். நீ ஒரு நாளைக்கு இரண்டு கொடுத்தாய், அவள் உடம்பில் எந்த நேரமும் எட்டுக்குக் குறையாமல் கிடந்திருக்கும் என்றாள். வயதானவர்களின் மூளையும் அதற்குச் சீக்கிரம் மசிந்துவிடுமாம்.

அவளிடமிருந்து எழுந்து வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அம்மா நினைவுக்கு வந்தாள். உன்னிடம் ஒன்றை மறைத்தேன். அன்றைக்குப் போனில் அம்மா தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. "தூக்கமே வரலடா, ஆனா தல லேசா இருக்கு, ரொம்ப நாளைக்கப்பறம்" என்றாள். என் மகள் எந்த வகுப்பு என்று சரியாகச் சொன்னாள். என் பல்வலியைக் கேட்டாள். மூன்று வருடமாக என் பெயரையே தேடித் தேடிக் கூப்பிட்டவள். சாகப்போகிறவர்களுக்கு வருகிற தெளிவு என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அது அப்படி இல்லை. பதினைந்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்த தெளிவு. நானோ, வேலையில் இருக்கிறேன், மாத்திரை அனுப்புகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

புத்தி போய்விட்டது, பேசி என்ன ஆகப்போகிறது என்றுதானே மூன்று வருடம் ஊருக்கே வராமல் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். பெட்டி வராமல் போன குற்றத்துக்குத்தான் இத்தனை நாள் அழுதேன். வந்த பெட்டிகளுக்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

த்ரைலோ


நெகோதின், 11 அக்டோபர் 1987

தம்பி,

போனேன். சொன்னேன். டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை மாதமாக என்றார். ஏழு என்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். அந்த வேலைக்காரப் பெண் அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்தாள், அவளுக்கு வேலை போகாமல் இருக்கப் பழியை என் தலையில் போடச்சொன்னேன். இப்போது ஒன்றரை, அடுத்து ஒன்று, பிறகு பாதி, கால் என்று இறக்குகிறார்கள். இரண்டு மாதம் ஆகுமாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் இருந்தேன். குவளையில் ஒன்றரை மாத்திரை இருப்பதைச் சித்தி பார்த்துவிட்டாள். தன் பெயர் மறந்தவள், அதை மறக்கவில்லை. "கொறச்சுட்டீங்களா? பாவம், ஸ்தானா முழிச்சுக்குவாளே" என்று கண்ணீர் விட்டாள். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுதாமல் இருந்துவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். முடியவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும், த்ரைலோ. கல்லீரல் தெரியாது, கணக்குத் தெரியாது. ஆனால் மாத்திரை தீர்ந்த பத்தாம் நாள் அம்மா என் அலமாரியைத் திறந்து, அவளுடைய கம்பளிச் சால்வையை நான் விற்றுவிட்டதைக் கண்டுபிடித்தாள். என் சமையலில் உப்பில்லை என்றாள். என் புருஷன் எங்கே போகிறான் எப்போது வருகிறான் என்பதை ஒன்று விடாமல் சொன்னாள், எல்லாம் உண்மை. மூன்று வருடம் ஒரு மூலையில் சாதுவாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து என்னை நேராகப் பார்த்தாள். எனக்குப் பழைய அம்மா திரும்பி வந்ததில் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பனி எப்போது விடும், பேருந்து எப்போது வரும், பெட்டி எப்போது வரும் என்று தினமும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

நீ தெரியாமல் செய்தாய். என்னுடையதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீயே சொல். படையலில் உன்னைக் கேட்ட அந்தக் கேள்வி இருக்கிறதே, அதை நான் உன்னைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டேன்.

பிராந்துஷா


வியன்னா, 25 அக்டோபர் 1987

அக்கா,

அதற்குப் பெயர் வைக்க நான் யார்? நீ மூன்று வருடம் அவள் பக்கத்தில் இருந்தாய், நான் பெட்டியாக மட்டும் இருந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

கனவில் அம்மா இன்னும் வருகிறாள். இப்போது நான் அவளுக்கு எதுவும் அனுப்புவதாகச் சொல்வதில்லை. சித்தி தெளிந்தால், நாம் செய்ததை அவளிடம் சொல்லிவிடு. எழுத்துப் பிசகாமல் சொல். என்ன சொல்கிறாளோ அதை எனக்கு அப்படியே எழுது, மென்று விழுங்காதே.

வருடப் படையலுக்கு வருகிறேன். இந்தத் தடவை முதல் தட்டு வேண்டாம்.

த்ரைலோ


நெகோதின், 6 டிசம்பர் 1987

த்ரைலோ,

சித்தி தெளிந்துவிட்டாள்.

எப்படி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. போன மாதம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும், "பிராந்துஷா, ஏன்டி இப்படி எளச்சுட்டே?" என்றாள். கையில் கொண்டுபோயிருந்த மிளகாய் ஊறுகாய்ப் புட்டியைக் கீழே போட்டு உடைத்தேன். அதற்கும் ஒரு திட்டு வாங்கினேன். போன வாரத்தோடு மாத்திரை முழுக்க நின்றது. டாக்டர் தேதி, ஊர், வயது, கூட்டல் கழித்தல் என்று ஏதேதோ கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது என்றும் சொன்னாள். புத்தி கெட்டவள் என்று நான் போட்ட கையெழுத்தை ரத்து செய்துவிட்டார்கள். இப்போது என் வீட்டில், அம்மா இருந்த அறையில் இருக்கிறாள். அவளைத் தனியாக விட முடியாது. இடுப்பு கூடவில்லை. இனி நடக்கமாட்டாள், அதை டாக்டர் என்னிடமும் சொன்னார், அவளிடமும் சொன்னார். புத்தியைத் திருப்பிக் கொடுத்தோம், காலைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

நேற்று மதியம் சொல்லிவிட்டேன். உன் பொட்டலம், உன் கனவு, இரண்டாக்கியது, டாக்டரிடம் நான் சொன்ன அந்த "இல்லை", எல்லாம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். கத்தியை நிறுத்தவில்லை. உரித்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் பேசினாள். அப்படியே எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன்.

"இந்த ஊர்ல எந்தப் பொம்பள செத்தாலும் அவ சாமான் என் வீட்டுக்குத்தான் வரும். புள்ள இல்லாதவ, இல்லாதப்பட்டவ, வேண்டாம்னு சொல்லமாட்டா. நான் போத்திக்கறது தையக்காரி போர்வ. நான் திங்கறது பாதிரியார் பொண்டாட்டி தட்டுல. என் வீட்டுல நான் சாப்பிட்டா யாரோ சாப்பிடறா, நான் படுத்தா யாரோ படுக்கறா. கடசில எங்கக்காவுக்காகத் தூங்கச் சொன்னீங்க, தூங்கினேன். அவளுக்குக் குடுத்தது போகட்டும், அவ எனக்கு அக்கா. நான் இருக்கேன்னு எனக்கு யாருடி குடுத்தீங்க?"

எனக்கு அழுகை வரவில்லை, அதுதான் அவமானமாக இருந்தது. ஒனக்கு என்ன வேணும் சித்தி என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள், எத்தனை வருடமாக வைத்திருந்த பதிலோ.

"பூட்ஸ். முப்பத்தாறு. உள்ள கம்பளி வச்சது. கடைல புதுசா இருக்கணும், யாரும் கால் விட்டிருக்கக்கூடாது. அவனையே வாங்கிட்டு வரச்சொல்லு. வாங்கும்போது எந்தச் செத்தவ பேரையும் சொல்ல வேண்டாம்னு சொல்லு."

நான் போர்வைக்குள் இருக்கிற அவள் காலைப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக்கூடாது. அவள் கவனித்துவிட்டாள்.

"தெரியும்டி" என்றாள். "போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அக்கா